கல்லீரலில் கொழுப்பு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், உறவில் யாருக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தாலும் அந்தத் தாள் என் வீட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலும் அதே வரி: 'ஃபேட்டி லிவர், கிரேடு 1'. கேள்விகளும் அதேதான். தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். நான் மருத்துவர் அல்ல. கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வேன். உங்களுக்கு எந்த மாத்திரை என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன்.

கல்லீரல் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம்தானே? பிறகு அதில் கொழுப்பு இருந்தால் என்ன தவறு?

சேமிப்புக்கென்று உடலில் தனி இடம் உண்டு: தோலுக்கு அடியிலும் இடுப்பு, தொடைகளிலும் இருக்கும் கொழுப்புத் திசு. வலது விலாவுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் கல்லீரல் அப்படிப்பட்ட இடம் அல்ல. அங்கே கொழுப்பு வரும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். நலமாக இருப்பவரின் கல்லீரலிலும் சிறிது கொழுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஏறக்குறைய 5 சதவீதத்தைத் தாண்டினால்தான் அதற்குக் 'கொழுப்புக் கல்லீரல்' என்று பெயர்.

மாணவிகளுக்கு இதை விளக்கக் கரும்பலகையில் ஓர் ஏரியை வரைவேன். மூன்று வரத்து வாய்க்கால்கள், இரண்டு மதகுகள். முதல் வாய்க்காலில் சாப்பாட்டுக் கொழுப்பு வருகிறது. இரண்டாவதில், கொழுப்புத் திசு கரைந்து ரத்தத்தில் விடும் கொழுப்பு அமிலங்கள். மூன்றாவதில், கல்லீரலே சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொண்டு புதிதாகச் செய்துகொள்ளும் கொழுப்பு. மதகுகளில் ஒன்று, வந்ததை அங்கேயே எரித்துவிடுவது. மற்றது, பொட்டலம் கட்டி ரத்தத்தில் வெளியே அனுப்புவது. மட்டம் ஏறியிருந்தால் வரத்து கூடியிருக்க வேண்டும், அல்லது மதகு அடைபட்டிருக்க வேண்டும். கீழே வரும் பதில்களுக்கு இந்த ஏரிதான் ஆதாரம்.

சாப்பிட்ட எண்ணெய் நேராகக் கல்லீரலுக்குத்தானே போகிறது?

இல்லை. சோறும் சர்க்கரையும் பருப்பும் செரித்த பிறகு குடலிலிருந்து 'கல்லீரல் வாயில் சிரை' என்ற ரத்தக் குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. எண்ணெய்க்கு வேறு பாதை. கல்லீரல் சுரந்த பித்தநீர் அதைச் சிறு துளிகளாக உடைக்கிறது. கணையநீர் அந்தத் துளிகளைச் சிதைக்கிறது. குடல் சுவர் அவற்றை மறுபடி கட்டி, 'கைலோமைக்ரான்' என்ற உருண்டைகளாக நிணநீரில் விடுகிறது. அவை மார்பு வழியாக மேலேறி, கழுத்தின் இடது அடிப்பக்கத்தில் ரத்தத்தில் கலக்கின்றன. தசையும் கொழுப்புத் திசுவும் வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, எஞ்சிய எச்சம்தான் கல்லீரலை வந்தடைகிறது. பிரியாணி சாப்பிட்ட சில மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தால் சீரம் பால் போல் வெளுத்திருக்கும். ஆய்வகத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள். அந்த வெண்மை இந்த உருண்டைகளால் வருவது.

சங்கிலி குட்டையான கொழுப்பு அமிலங்கள் மட்டும் விதிவிலக்காக, வாயில் சிரை வழியே நேராகப் போய்விடும். தேங்காயெண்ணெயில் அவை ஓரளவு உண்டு.

நான் எண்ணெயே தொடுவதில்லை. இட்லியும் சோறும்தான். எனக்கு எப்படி வந்தது?

என் மேசைக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். மிகுந்த மனக்குறையோடு கேட்கப்படுவதும் இதுதான். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ள சிலருக்கு அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்து, பின்பு கல்லீரல் திசுவை எடுத்து, அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டார்கள். 59 சதவீதம் கொழுப்புத் திசுவிலிருந்து. 26 சதவீதம் கல்லீரலே புதிதாகச் செய்தது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம் மட்டுமே. நீங்கள் அடைத்துவைத்தது மூன்றில் மிகச் சிறிய வாய்க்காலை.

மூன்றாவது வாய்க்காலின் வலிமை தெரிய வேண்டுமானால் வாத்தைப் பாருங்கள். பிரான்சில் 'ஃபுவா க்ரா' என்ற பண்டத்துக்காக வாத்துகளுக்குக் குழாய் வைத்துத் தீவனம் திணிக்கிறார்கள். கல்லீரல் பல மடங்கு பருத்துக் கொழுப்பாகிவிடுகிறது. திணிப்பது முக்கியமாக மக்காச்சோளம், அதாவது மாவுச்சத்து. பண்டைய ரோமானியர் இதற்கு அத்திப்பழத்தைப் பயன்படுத்தினார்கள். லத்தீனில் அத்திப்பழத்தைக் குறித்த சொல்லிலிருந்துதான் பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் கல்லீரலுக்கே பெயர் வந்தது. இனிப்புக்கும் ஈரல் கொழுப்புக்கும் உள்ள உறவை அந்தச் சமையற்காரர்கள் மருத்துவர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

இதனால் இட்லியை விட வேண்டியதில்லை. காலை ஐந்து இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, இரவு நான்கு தோசை, நடுவில் சர்க்கரை போட்ட காபி நான்கு தரம், நாள் முழுக்க நாற்காலி: சிக்கல் இந்தக் கூட்டில் இருக்கிறது. மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் வாங்கி வைக்க வேண்டியது தசை. வேலை செய்யாத தசையில் இடம் காலியாவதில்லை. கல்லீரலும் ஏறக்குறைய 100 கிராம் கிளைகோஜனைத்தான் தாங்கும். அதற்கு மேல் வருவது கொழுப்பாகிறது.

அந்த 59 சதவீதம் ஏன் கொழுப்புத் திசுவை விட்டு வந்தது? அதுதான் சேமிப்பிடம் என்றீர்களே?

நல்ல கேள்வி. சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின் கொழுப்புத் திசுவிடம் 'கதவைச் சாத்து' என்கிறது. கல்லீரலிடம் 'வந்திருப்பதைக் கொழுப்பாக்கு' என்கிறது. தொப்பை வளர்ந்து, உடல் இன்சுலினுக்கு மரத்துப்போகும்போது கொழுப்புத் திசு அந்தச் சொல்லைக் கேட்பதில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. கணையம் விடாமல் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. கல்லீரலின் கொழுப்புத் தயாரிப்புக்கு மட்டும் அந்தக் குரல் நன்றாகவே கேட்கிறது. ஆக இரண்டாவது வாய்க்காலும் மூன்றாவது வாய்க்காலும் ஒரே நேரத்தில் பெருகுகின்றன. சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் ஒரே வீட்டில் குடியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டுக் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாறிவிட்டேன். போதுமா?

கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அது பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். தேனிலும் இந்த இரண்டுமே. குளுக்கோஸை எல்லா உறுப்பும் பங்கு போட்டுக்கொள்ளும். அதிக அளவில் வரும் ஃபிரக்டோஸில் பெரும்பகுதி கல்லீரலின் தலையில்தான் விழுகிறது. குளுக்கோஸைக் கொழுப்பாக்கும் பாதையில் 'போதும்' என்று நிறுத்தும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஃபிரக்டோஸ் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.

2017இல் கலிபோர்னியாவில் உடல் பருத்த சுமார் 40 சிறுவர்களுக்கு ஒன்பது நாள் மட்டும் ஃபிரக்டோஸைக் குறைத்து, அதே கலோரிக்கு மாவுச்சத்தைக் கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பின் இடைநிலை அளவு 7.2 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாக இறங்கியது. ஒன்பதே நாள்! முழுப் பழத்துக்குப் பயப்படாதீர்கள். நாரோடு மெதுவாகச் சேரும் சிறு அளவு அது. சாறாகப் பிழிந்து, சர்க்கரையும் சேர்த்துக் குடித்தால் கணக்கு வேறு.

அப்படியானால் நெய்யும் பாமாயிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமா?

இந்த முடிவுக்கு எல்லோரும் எவ்வளவு வேகமாக வந்துவிடுகிறீர்கள்! வாய்க்கால் சிறியது என்றேன், வற்றியது என்று சொல்லவில்லை. ஸ்வீடனில் உப்சாலாவில் 39 இளைஞர்களுக்கு ஏழு வாரம் கூடுதலாக மஃபின் கேக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பாமாயிலில் செய்தது, மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு சாராரின் எடையும் ஒரே அளவுதான் கூடியது. ஆனால் பாமாயில் தின்றவர்களுக்குத்தான் கல்லீரலில் கொழுப்பு கூடுதலாக ஏறியது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த நெய், வனஸ்பதி, பாமாயில், தேங்காயெண்ணெய் ஆகியவற்றைக் குறைத்து, நல்லெண்ணெய், கடலையெண்ணெய் போன்றவற்றை அளவோடு வைத்துக்கொள்வது நியாயம்.

நான் ஒல்லி. எனக்கு எப்படி?

எடையைப் பார்க்காமல் இடுப்பைப் பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும்தான் எல்லை. கை, கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்த உடம்பு நமக்குப் பழக்கமானது. தோலடியில் சேமிக்கும் திறன் குறைவாக இருந்தால், மிச்சம் சீக்கிரமே கல்லீரலுக்கு வழிந்துவிடும். பிறவியிலேயே கொழுப்புத் திசு வளராத 'லிப்போடிஸ்ட்ரஃபி' என்ற அரிய நோயில், எலும்பும் தசையுமாகத் தெரிபவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு கடுமையாக இருக்கும். கிடங்கு இல்லாவிட்டால் சரக்கு வாசலில் கிடக்கும்.

பஞ்சத்திலும் இது வரும். புரதம் கிடைக்காமல் கால் வீங்கி, வயிறு உப்பிய குழந்தைகளின் 'குவாஷியோர்கர்' நோயை, இன்றைய கானாவில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் 1930களில் விவரித்தார். அந்தக் குழந்தைகளின் கல்லீரலிலும் கொழுப்பு நிறைந்திருக்கும். ஏரிப் படத்தில் இது இரண்டாவது மதகின் கோளாறு. கொழுப்பைப் பொட்டலம் கட்டப் புரதம் வேண்டும்; அது இல்லாததால் சரக்கு வெளியேறவில்லை.

மரபும் உண்டு. 'பிஎன்பிஎல்ஏ3' என்ற மரபணுவின் ஒரு வகை, கல்லீரல் செல்லில் சேர்ந்த கொழுப்பு எளிதில் கரையாமல் பார்த்துக்கொள்கிறது. 2008இல் கண்டறிந்தார்கள்.

முட்டை மஞ்சள் கரு கூடாது என்கிறார்களே?

பொட்டலத்துக்கு மேலுறையாகும் பொருளைச் செய்யக் கோலின் என்ற சத்து தேவை. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கு பெற்ற சார்லஸ் பெஸ்ட், 1930களில் டொரொண்டோவில், கணையம் நீக்கிய நாய்களுக்கு வந்த கொழுப்புக் கல்லீரல் கோலின் கொடுத்தால் குறைவதைக் காட்டினார். கோலின் நிறைந்த உணவுகளில் ஒன்று நீங்கள் தூக்கிப்போடும் அந்த மஞ்சள் கருதான். இதயத்துக்காக அளவு சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். கல்லீரலுக்காக அதை ஒதுக்கத் தேவையில்லை.

ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடும் விஎல்டிஎல்லும் அதிகம். அது வேறு நோயா?

அதே ஏரியின் மறுகரை. கல்லீரல் கட்டி அனுப்பும் பொட்டலத்தின் பெயர்தான் விஎல்டிஎல். உள்ளே ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு, கொஞ்சம் கொலஸ்ட்ரால். தசைகள் கொழுப்பை இறக்கிக்கொண்ட பின் அந்தப் பொட்டலங்களில் ஒரு பங்கு, 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல்லாக மாறுகிறது. வரத்து பெருகினால் மதகு வழியாகவும் அதிகம் போகும். அதுதான் உங்கள் தாளில் தெரிகிறது. ஓர் அளவுக்கு மேல் மதகால் ஈடுகொடுக்க முடியாமல் மிச்சம் உள்ளே தங்குகிறது.

இன்னொன்று: பல ஆய்வகங்கள் விஎல்டிஎல்லைத் தனியாக அளப்பதே இல்லை. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து எழுதிவிடுகிறார்கள். இரண்டும் அதிகம் என்று இரட்டிப்பாகக் கவலைப்பட்டவர்கள் ஒரு கவலையைக் கழித்துக்கொள்ளலாம்.

பட்டினி கிடந்தால் கரைந்துவிடுமா?

பட்டினியின்போது கல்லீரலின் கிளைகோஜன் ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதன் பின் கொழுப்புத் திசு கரைந்து இரண்டாவது வாய்க்கால் பாய்கிறது. கல்லீரல் வந்த கொழுப்பு அமிலங்களை எரிக்கிறது. முழுவதும் எரிக்காமல், ஒரு பங்கைக் கீட்டோன்களாக மாற்றி மூளைக்கும் தசைக்கும் அனுப்புகிறது. வேடிக்கை என்னவென்றால், கீட்டோனை உண்டாக்கும் கல்லீரலுக்கு அதை எரிபொருளாகப் பயன்படுத்தத் தெரியாது. அதற்கான நொதி அதனிடம் இல்லை. சமைத்தவள் சாப்பிடாத வீடு.

ஆக, விரதம் ஒரு மதகைத் திறக்கிறது, ஒரு வாய்க்காலையும் திறக்கிறது. மாதக்கணக்கில் மெல்ல எடை குறைந்தால் கணக்கு உங்கள் பக்கம். புரதமும் இல்லாமல் மூர்க்கமாகப் பட்டினி கிடந்தால் பித்தப்பையில் கல் வரலாம், கல்லீரல் அழற்சியும் கூடலாம். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணிகிறது. 10 சதவீதத்துக்கு மேல் போனால் பலருக்கு, அழற்சியால் கல்லீரலில் விழுந்த தழும்பே பின்வாங்குகிறது. 80 கிலோ எடை உள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோதான். நடையும் உடற்பயிற்சியும், எடை இறங்காவிட்டாலும்கூட, கல்லீரல் கொழுப்பைக் குறைக்கின்றன. காரணம் மூன்றாவது பதிலில் சொன்ன தசைதான்.

எப்போதாவது குடிப்பேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மதுவைக் கல்லீரல் முதலில் கவனித்தாக வேண்டும். அதைச் சிதைக்கும்போது கொழுப்பை எரிக்கத் தேவையான துணைப்பொருள் செலவாகிவிட, முதல் மதகு சாத்திக்கொள்கிறது. புதுக் கொழுப்புத் தயாரிப்பும் ஏறுகிறது. ஏற்கெனவே மட்டம் உயர்ந்த ஏரியில் இதைச் செய்யாதீர்கள்.

வலி இல்லை, எஸ்ஜிபிடி சரியாக இருக்கிறது. பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?

கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது, மேலுறைக்குத்தான் தெரியும். எஸ்ஜிபிடி, செல்கள் உடையும்போது கசிகிற ஒரு நொதி. கொழுப்பு நிறைந்து, தழும்பும் ஏறிய கல்லீரலிலும் அது சில சமயம் இயல்பான எண்ணையே காட்டும். சாதாரண ஸ்கேனும் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு ஏறினால்தான் நம்பகமாகக் காட்டுகிறது.

கிரேடு 1 இருந்தது கிரேடு 2 ஆகிவிட்டது. அடுத்தது சிரோசிஸா, கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிவிடுமா?

அல்ல. கிரேடு என்பது ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பது. அதாவது கொழுப்பின் அளவு. உயிருக்கு ஆபத்தைத் தீர்மானிப்பது தழும்பு. கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமலும், கிரேடு 1 உள்ளவருக்குத் தழும்பு முற்றியும் இருக்கலாம்.

தழும்பை உண்டாக்கும் செல்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. நட்சத்திர வடிவச் செல்கள் என்று பெயர். 1876இல் குப்ஃபர் விவரித்தவை. நலமான கல்லீரலில் அவை சாதுவாகக் கொழுப்புத் துளிகளில் வைட்டமின் ஏ சேர்த்துவைத்திருக்கும். உடலின் வைட்டமின் ஏ இருப்பில் பெரும்பகுதி அங்கேதான். பக்கத்துச் செல்கள் அழற்சியில் வெந்துகொண்டே இருந்தால், அவை தம் வைட்டமினைக் கைவிட்டு நார் நூற்கத் தொடங்குகின்றன. அந்த நார்தான் தழும்பு.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது கிரேடைப் பற்றியல்ல. தழும்புக்கான வாய்ப்பைக் கணிக்கும் 'ஃபிப்-4' கணக்குப் போடச் சொல்லுங்கள். வயது, எஸ்ஜிபிடி, அதைப் போன்ற இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி, ரத்தத் தட்டணுக்கள் ஆகிய நான்கே எண்கள் போதும். 1.3க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 என்று கொள்வார்கள். அதற்கு மேல் வந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன்.

தாளில் 'எம்ஏஎஸ்எல்டி' என்று எழுதியிருக்கிறார்கள். புது நோயா?

பழைய நோய், 2023இல் வைத்த புதுப் பெயர். முன்பு 'மது சாராத' என்று தொடங்கிய பெயர், நோய் எதனால் அல்ல என்பதை மட்டும் சொன்னது. புதுப் பெயர் வளர்சிதை மாற்றக் கோளாற்றைக் குறிக்கிறது.

கீழாநெல்லி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கீழாநெல்லியின் புகழ் மஞ்சள் காமாலையிலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியதும் ஹெபடைடிஸ் பி கிருமியைப் பற்றித்தான். பின்னர் பிற இடங்களில் செய்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. வாய்க்கால், மதகு எதையும் அது திருத்துவதாக நம்பத்தக்க சான்று இல்லை. சீந்தில் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை: 2021இல் மும்பை மருத்துவர்கள், அதை உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்தார்கள். எது குடித்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். குடித்தே ஆக வேண்டுமென்றால், சர்க்கரை போடாத காபி. அதைக் குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது.

கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாடின் கொடுத்திருக்கிறார்கள். ஃபேட்டி லிவர் இருக்கும்போது சாப்பிடலாமா?

பொதுவாகச் சாப்பிடலாம். கொழுப்புக் கல்லீரல் அதற்குத் தடையல்ல. அது உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இதய நோய் என்பதால், நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து.

கல்லீரலிலிருந்து கொழுப்பை வெளியே அனுப்பினால் ரத்தத்துக்குத்தானே போகும்? இதயம் என்னாவது?

கேட்பவர் குறைவு, ஆனால் மிகக் கூர்மையான கேள்வி. இரண்டாவது மதகை மட்டும் திறந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். 'டிஎம்6எஸ்எஃப்2' என்ற மரபணுவின் ஒரு வகை உடையவர்களுக்குப் பொட்டலம் வெளியே போவது மந்தம்: கல்லீரலில் கொழுப்பு கூடுகிறது, இதய நோய் வாய்ப்புக் குறைகிறது. மருந்திலும் இதே கதைதான். பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகக் கடுமையாக ஏறியவர்களுக்கு லோமிடபைடு என்றொரு மருந்து உண்டு. அது பொட்டலம் கட்டும் வேலையையே தடுக்கிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்குகிறது. கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது.

கல்லீரலையும் இதயத்தையும் சேர்த்துக் காப்பது வாய்க்கால் பக்க வேலையும் முதல் மதகும்தான். கொழுப்புக் கல்லீரல் முற்றியவர்களுக்கென்று 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தான ரெஸ்மெடிரோம், கல்லீரலில் தைராய்டு ஹார்மோன் செய்யும் வேலையைத் தூண்டிக் கொழுப்பை எரிக்க வைக்கிறது. 2025இல் இதே நோய்க்கு அனுமதி பெற்ற செமாகுளுடைடு, பசியைக் குறைத்து எடையை இறக்குகிறது. முதல் மருந்து மதகில் கை வைக்கிறது, அடுத்த மருந்து வாய்க்காலில்.

மாமாவுக்குக் கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுக்க முன்வந்தேன். கொழுப்பு இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி முடியவே முடியாதா?

கொழுப்பு மிகுந்த கல்லீரல், ரத்த ஓட்டம் நின்று மறுபடி தொடங்கும் அந்த இடைவெளியைத் தாங்காது. கொடுப்பவருக்கு மிஞ்சும் பங்கும் வளர்ந்து ஈடுகட்டத் திணறும். அதனால்தான் மறுத்தார்கள். ஆனால் சேர்ந்தது சேர்ந்தபடியே கிடக்கும் உறுப்பு அல்ல இது. தானம் செய்ய வந்தவர்கள் சில வாரம் முதல் சில மாதம் வரை உணவைத் திருத்தி, நடந்து, எடை குறைத்துத் திரும்பி வந்து தானம் செய்திருக்கிறார்கள். மாமாவின் உடல்நிலை எவ்வளவு நாள் தாங்கும் என்பதை மருத்துவக் குழுவிடம் கேட்டுக்கொண்டு, இன்று மாலையே நடக்கத் தொடங்குங்கள்.